ஓய்வு நேரத்தில் தனியே நிற்கும் மகன்: பழகக் கற்றுக்கொடுப்பது எப்படி?

ரயில்பையன்_அம்மா
திங்கள், இரவு 9.52

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு ஏழு வயது. பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். ஆட்டிசம் என்று போன ஆண்டு உறுதி செய்தார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கிறான், கணக்கிலும் குறையில்லை. என் கவலை வேறு.

ஓய்வு நேரத்தில் மற்றப் பையன்கள் திடலில் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். இவன் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் கால்வாயோரம் நின்றுகொண்டு கோலக்கங்சார், பாடாங் ரெங்காஸ், தைப்பிங், கமுண்டிங், பாகான் செராய் என்று ரயில் நிலையங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருப்பான். யாராவது கிட்டே வந்தால் அவர்களுக்கும் அதையே சொல்வான். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போது விலகி ஓடுகிறார்கள்.

இன்னொன்று. கூட்டமான இடங்களில் திடீரென்று, ‘ஸ்தேசென் பெரிகுத்ஞா, குவாலா கங்சார்’ என்று ‘அடுத்த நிலையம் கோலக்கங்சார்’ என்னும் இடிஎஸ் ரயிலின் மலாய் அறிவிப்பை, அதில் வரும் பெண்ணின் குரலிலேயே சொல்வான். கல்யாண விருந்தில் சொன்னான், பல் மருத்துவரிடம் சொன்னான், போன வாரம் பசார் மாலாமில் அப்பளக் கடை முன்னால் நின்று சொன்னான். கொஞ்ச நேரத்தில் அழுகை, அதன் பிறகு தரையில் விழுந்து உருளுவான்.

வகுப்பாசிரியை நல்லவர். ஆனால் “கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்குங்கள், கையை உதறுவதை நிறுத்துங்கள், அப்போதுதான் மற்றப் பிள்ளைகள் சேர்த்துக்கொள்வார்கள்” என்கிறார். ஈப்போவில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்திலோ, வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னார்கள். பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பவர் என் மாமியார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் எங்கிருந்து தொடங்குவது?

வாத்தியார்_ஓய்வில்
திங்கள், இரவு 10.31

அம்மா, தோட்டப் பள்ளிகளில் காலம் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அந்நாளில் தாய்மார்கள் விடியுமுன் ரப்பர் மரத்தில் பால்வெட்டக் கிளம்பினால் கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளும் ஆயாக்கொட்டகையில்தான். பெரியது சின்னதைத் தூக்கிக்கொண்டு அலையும். கூச்சப்பட்டதும் சேரும், பேசாததும் பேசும். யாரும் எந்தப் பிள்ளைக்கும் நோய்ப்பெயர் சூட்டவில்லை. இப்போது தாமான் குடியிருப்பு வீட்டில் கதவைச் சாத்தி, கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, பிள்ளை பழகவில்லையே என்று மருத்துவரைத் தேடுகிறோம்.

கண்ணைப் பார்த்துப் பேசுவது மரியாதை. ஆசிரியை சொன்னதில் எனக்குத் தவறு தெரியவில்லை. கொஞ்சம் கண்டிப்பு, நிறையப் பிள்ளைகளோடு சேர்க்கை. இரண்டும் இருந்தால் சரியாகிவிடும்.

ஆலை_ஆய்வுக்கூடம்
திங்கள், இரவு 11.47

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நானும் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவன், அந்த ஆயாக்கொட்டகையின் கடைசித் தலைமுறை. பெரியவனான பிறகுதான் ஆட்டிசம் என்று தெரிந்தது. இப்போது செம்பனை ஆலையில் எண்ணெயின் அமிலத்தன்மையை அளக்கும் வேலை. அமைதியான அறை, ஒழுங்கான எண்கள். சுகம்.

யாரும் பெயர் சூட்டவில்லை என்கிறீர்கள். சூட்டினார்கள் ஐயா. ‘கிறுக்கு’, ‘மண்டு’, ‘காத்துக் கருப்பு அடிச்சது’. மருத்துவப் பெயர் மட்டும்தான் இல்லை. லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டது 1943-இல். கைப்பேசிக்கும் தாமானுக்கும் வெகு காலம் முந்தியது அது.

அடுத்தது கண். பெரியவர்களை நேருக்கு நேர் பார்த்தால் திமிர் என்று அடி வாங்கிய கூட்டம் நாங்கள். அது எப்போது மரியாதையாக மாறியது? வேடிக்கை இருக்கட்டும். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தால் அவர் சொல்வது என் காதில் ஏறாது. சுவரைப் பார்த்தால் ஒரு சொல் தப்பாது. பள்ளியில் ஆசிரியரின் மூக்கு நுனியைப் பார்க்கப் பழகி, ‘நல்ல பிள்ளை’ என்று பெயரும் வாங்கினேன். பாடம் ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். நாள் முழுவதும் இன்னொருவனாக நடிப்பதற்கு அவ்வளவு களைப்பு.

அம்மா, அவன் கை உதறுவதை நிறுத்தாதீர்கள். யாரையும் அடிக்காத, தன்னையும் காயப்படுத்தாத அசைவு அது. பல பேருக்கு உள்ளே ஏறும் பதற்றத்தை இறக்கும் வழியே அதுதான்.

டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்பது பாதிதான். மற்றவர்களுக்கும் அவரைப் புரியவில்லை. இடைவெளி இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார் அவர். உங்கள் பையனை மட்டும் திருத்தப் பார்க்கிறார்கள். விலகி ஓடும் பிள்ளைகளுக்கு யாராவது ஏதாவது சொல்லிக் கொடுத்தார்களா?

லோரி_அப்பா
செவ்வாய், காலை 6.05

மேலே சொன்ன கடைசிக் கேள்விக்கு ஒரு கைத்தட்டல். என் மகளுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத்துடிப்பு). மாலையில் விரிவாக எழுதுகிறேன், இப்போது லோரியில் சரக்கு ஏற்றுகிறார்கள்.

மூலிகை_நண்பன்
செவ்வாய், காலை 8.20

கோதுமை, பால் இரண்டையும் நிறுத்திவிட்டு, நான் சொல்லும் மூலிகைப் பொடியை மூன்று மாதம் கொடுங்கள். ஆட்டிசம் முழுமையாகக் குணமாகும். தனிச்செய்தியில் விலை சொல்கிறேன்.

ரயில்பையன்_அம்மா
செவ்வாய், காலை 8.41

வேண்டாம் ஐயா. அவன் சாப்பிடுவதே ரொட்டி சானாயும் வெள்ளைச் சோறும்தான். அதில் ஒன்றைப் பிடுங்கினால் பிள்ளை பட்டினி.

ஆலை ஆய்வுக்கூடத் தம்பிக்கு நன்றி. கட்டிலுக்கு அடியில் என்று நீங்கள் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். இவன் பள்ளிவிட்டு வந்ததும் அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் போய் உட்கார்ந்துகொள்கிறான். நாங்கள் அதைப் பிடிவாதம் என்று நினைத்து இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

பேச்சுப்பயிற்சி_பேராக்
செவ்வாய், பிற்பகல் 1.15

நான் பேச்சு மொழிப் பயிற்சியாளர். பார்க்காத பிள்ளைக்கு இணையத்தில் முறை வகுக்க முடியாது. ஆனால் இரண்டு விஷயங்களைத் தயக்கமில்லாமல் சொல்லலாம்.

தமிழை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகள், ஒரே மொழி கேட்பவர்களைவிட அந்தக் காரணத்தால் பேச்சில் பின்தங்குவதில்லை. பல நாட்டு ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. ஆனாலும் ‘ஒரே மொழி பேசுங்கள்’ என்ற அறிவுரை இன்னும் சாகவில்லை. பயிற்சி தருபவருக்குத் தமிழ் தெரியாது என்றால் அது அவருடைய வசதிக் குறைவு, பிள்ளையின் குறை அல்ல. அழுகிற பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொடுப்பவர் பாட்டி. பாட்டியின் வாயை அடைத்துவிட்டு எந்த மொழியில் மனசைச் சொல்லும் பழக்கத்தை வளர்க்கப் போகிறோம்? உடைந்த ஆங்கிலத்தில் ‘கம், கோ, ஈட்’ என்று கட்டளை மட்டும் கேட்டு வளர்வதைவிட, பாட்டியின் முழுத் தமிழ் ஆயிரம் மடங்கு மேல்.

அடுத்தது அந்த ரயில் அறிவிப்பு. எங்கோ கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது வெறும் கிளிப்பிள்ளைப் பேச்சு என்று முன்பு நினைத்தார்கள். 1980-களில் பாரி பிரிசண்ட் போன்ற ஆய்வாளர்கள் உட்கார்ந்து கவனித்தபோது, அந்த வாக்கியங்களில் பலவற்றுக்கு வேலை இருப்பது தெரிந்தது. கேட்பதற்கு, மறுப்பதற்கு, தன்னையே அமைதிப்படுத்திக்கொள்வதற்கு. நீங்கள் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். கல்யாணம், பல் மருத்துவர், இரவுச் சந்தை. கோலக்கங்சார் உங்கள் ஊருக்கு அடுத்த நிலையம். இங்கிருந்து கிளம்பலாம் என்று அவன் சொல்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது. மூன்று இடத்திலும் அழுகைக்கு முன்னால் சொல்லியிருக்கிறான், பாருங்கள்.

அடுத்த முறை அதைச் சொன்ன உடனேயே “போகலாம், அம்மா” என்று அவன் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நீங்கள் அவன் குரலாகச் சொல்லிவிட்டு, உண்மையிலேயே வெளியே அழைத்துப் போங்கள். இரண்டு நிமிடம் கழித்து அல்ல, அப்போதே. சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கை வந்தால்தான் சொல்லும் வழக்கம் வளரும். ‘அறிவிப்பை நிறுத்து’ என்று அதட்டினால் அவனிடம் இருக்கும் ஒரே வாசலையும் மூடுகிறோம்.

லோரி_அப்பா
செவ்வாய், இரவு 8.10

மகளுக்கு ஒன்பது வயது. துள்ளிக் குதிக்கும் ரகம் இல்லை, கனவு கண்டுகொண்டு உட்காரும் ரகம். அதனால் வெகுநாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. பெண் பிள்ளைகளில் இப்படி நிறையப் பேர் தப்பிவிடுகிறார்களாம். அவளுக்குத் தோழி கிடைப்பது கஷ்டமில்லை, தோழியை வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். ஒருத்தி வேறு பெண்ணோடு உட்கார்ந்தால் உலகமே இடிந்துவிட்டதாக வீட்டுக்கு வந்து புத்தகப்பையை எறிவாள்.

மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்தது இது. “என்ன மனநிலையில் இருக்கிறாய்?” என்று கேட்காதீர்கள், உடம்பில் எங்கே என்று கேளுங்கள். நெஞ்சு படபடக்கிறதா, கை இறுகுகிறதா, முகம் சுடுகிறதா? லோரியின் சூட்டுமானியை அவளுக்குக் காட்டினேன். முள் நடுவைத் தாண்டத் தொடங்கும்போதே வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் பிறகு தண்ணீர் ஊற்றலாம், சிவப்புக்குப் போன பிறகு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். இப்போது பையை எறிவதற்கு முன்னால் “அப்பா, நடுமுள்” என்கிறாள். சில நாள் சொல்வாள், சில நாள் பை பறக்கும்.

முள் சிவப்பில் இருக்கும்போது புத்தி சொல்லாதீர்கள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வேன், விளக்கை அணைப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். பேச்செல்லாம் மைலோ குடித்த பிறகு.

வாத்தியார்_ஓய்வில்
செவ்வாய், இரவு 9.00

அடம் பிடிக்கும் பிள்ளைக்கு விளக்கணைத்து மைலோ ஆற்றிக் கொடுத்தால், நாளை அதற்காகவே அடம் பிடிக்காதா?

சிறப்பாசிரியை
செவ்வாய், இரவு 10.26

ஐயா கேட்டது எல்லாத் தாத்தாக்களும் என்னிடம் கேட்கும் கேள்வி. அடம் பிடிக்கும் பிள்ளை ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும். கேட்டது கிடைத்தால் நின்றுவிடும். தாங்க முடியாமல் உடைந்துபோகும் பிள்ளை யாரையும் பார்க்காது, கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, முடிந்ததும் துவண்டுபோய்த் தூங்கிவிடும். முதலாவதற்கு உறுதி வேண்டும். இரண்டாவதற்கு அமைதி வேண்டும். சில நாள் முதலாவதாகத் தொடங்கி இரண்டாவதாக முடியும், அதையும் மறைக்கவில்லை.

இனி அம்மாவுக்கு. நான் சிறப்புக் கல்வி வகுப்பு நடத்துகிறேன். ‘மற்றப் பிள்ளைகளோடு கலக்க விடுங்கள்’ என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஓய்வு நேரம்தான் பள்ளி நாளிலேயே இவர்களுக்கு மிகக் கடினமான நேரம். விதிகள் எழுதப்படாதவை, சத்தம் அதிகம், ஓடிப்பிடிக்கும் விளையாட்டில் நிமிடத்துக்கு ஒரு முறை யார் துரத்துவது என்பது மாறும். அங்கே இவனைத் தள்ளிவிட்டால் இவன் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மனிதர்கள் ஆபத்து.

சின்னக் குழு, தெளிவான வேலை, கையில் பொருள். அமெரிக்க உளவியலாளர் டேனியல் லெகாஃப் 2004-இல் வெளியிட்ட ஒரு முறை இருக்கிறது. மூன்று பிள்ளைகள், ஒரு பெட்டி லெகோ. ஒருவன் பொறியாளர். படத்தைப் பார்த்து என்ன வேண்டும் என்று சொல்வான், தொடக் கூடாது. இன்னொருவன் பொருள் எடுத்துத் தருபவன். மூன்றாமவன் கட்டுபவன். பிறகு வேலை மாற்றிக்கொள்வார்கள். கேட்பது, காத்திருப்பது, தவறாகக் கொடுத்தால் கோபப்படாமல் திருப்பிக் கேட்பது எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். ‘நண்பர்களோடு பகிர வேண்டும்’ என்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

லெகோ விலைக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது. என் வகுப்பில் காலணிப் பெட்டியும் பால்டின்னும்தான். உங்கள் மகனுக்கு ரயில் நிலையம் கட்டும் வேலை. ஒருவன் பயணச்சீட்டு விற்பவன், ஒருவன் ஓட்டுநர், இவன் அறிவிப்பாளர். திடலில் கேலிக்குள்ளான அதே அறிவிப்பு இங்கே விளையாட்டுக்கு அவசியமாகிவிடும். இரண்டு நாள் கழித்து அறிவிப்பாளர் வேலையை வேறு பையனுக்குக் கொடுங்கள். அழுவான். அங்கேதான் வளர்ச்சி தொடங்குகிறது, ஆனால் முதல் நாளே அதைச் செய்யாதீர்கள்.

தோழர் ஒருவர் போதும். பத்துப் பேர் வேண்டாம்.

ரயில்பையன்_அம்மா
புதன், காலை 7.12

ஆசிரியை அவர்களே, நீங்கள் சிறப்பு வகுப்பு என்றதும் கேட்கத் தோன்றியது. எங்கள் தமிழ்ப்பள்ளியில் அந்த வகுப்பு இல்லை. பட்டணத்தில் தேசியப் பள்ளியில் இருக்கிறது. மாற்றலாமா? மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டை இன்னும் எடுக்கவில்லை. கணவர் தயங்குகிறார், பிள்ளையின் பெயரில் முத்திரை குத்தியது போலாகிவிடும் என்கிறார்.

வாத்தியார்_ஓய்வில்
புதன், காலை 7.50

மாற்றாதீர்கள் அம்மா. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 150 மாணவருக்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அரசு கணக்கு வைத்திருக்கிறது. எல்லாரும் அதைக் குறையாகவே பேசுகிறார்கள். உங்கள் மகனுக்கு அதுவே வரம். வகுப்பில் எத்தனை பேர்? ஒன்பதா, பத்தா? பட்டணத்துப் பள்ளியில் முப்பத்தைந்து பேர் சத்தத்தில் அந்தப் பிள்ளை என்ன ஆகும்?

ஆயாக்கொட்டகை பற்றி நான் எழுதியதைப் பழம்பெருமை என்று தள்ளிவிட்டார்கள். பெருமையல்ல, அது ஒரு முறை. ஒரே வயதுப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். பெரிய பிள்ளை விட்டுக்கொடுக்கும், சொல்லிக்கொடுக்கும். நான்காம் ஆண்டில் பொறுமையான ஒரு பிள்ளையை அந்த ரயில் விளையாட்டுக்குப் பொறுப்பாகப் போடச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் மனம் வைத்தால் நாளைக்கே நடக்கும்.

சிறப்பாசிரியை
புதன், பிற்பகல் 3.40

பெரிய பிள்ளையைப் பொறுப்பாகப் போடுவது நல்ல யோசனை, ஐயா. எடுத்துக்கொள்கிறேன். ஒரு நிபந்தனை: அந்தப் பிள்ளை காவலாளி ஆகிவிடக் கூடாது, அதற்கும் விளையாட வேண்டும்.

அம்மா, சிறப்பு வகுப்புக்கு மாறினால் ஓகேயு ஆகிவிடுவான், மாறாவிட்டால் சராசரி ஆகிவிடுவான் என்று எதுவும் இல்லை. 2019 முதல் கல்வி அமைச்சு, சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையைப் பின்பற்றுகிறது. வழக்கமான வகுப்பிலேயே ஆதரவோடு படிக்கும் உள்ளடங்கிய கல்வித் திட்டமும் இருக்கிறது. எழுத்திலும் கணக்கிலும் அவன் நன்றாக இருப்பதால் இந்த ஆண்டு அங்கேயே இருக்கட்டும் என்பது என் எண்ணம். தினமும் உடைந்துபோய் வீடு திரும்பினால் அப்போது பேசுவோம். ஐயா நினைப்பது போல் எங்கள் வகுப்புகளில் முப்பத்தைந்து பேர் இல்லை, விரல்விட்டு எண்ணலாம். உண்மையான இழப்பு மொழிதான். அங்கே தமிழ் பேச ஆள் கிடைப்பது அதிர்ஷ்டம்.

அட்டையைச் சமூக நல இலாகா வழங்குகிறது. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் பதிவு. கட்டாயமில்லை, கட்டணமுமில்லை. ஆட்டிசம், ஏடிஎச்டி, டிஸ்லெக்சியா (வாசிப்புச் சிரமம்) மூன்றும் ‘கற்றல் சிரமம்’ என்ற பிரிவில் வரும். நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை, தேவைப்படும்போது பணப்பையிலிருந்து எடுக்கலாம். சிறப்புக் கல்வியில் பதிந்த மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு. ஈப்போவுக்குப் போய்வரும் பெட்ரோலுக்காவது ஆகும். 1984-இல் தொடங்கிய சமூக மறுவாழ்வு மையங்கள், பிடிகே என்று சொல்வார்களே, அவையும் இலாகாவின் கீழ்தான். சின்ன ஊர்களிலும் இருக்கின்றன, விசாரியுங்கள்.

செல்லம்மா_பாட்டி
புதன், மாலை 6.30

பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன். என் பேத்தியும் இப்படித்தான். ஒருநாள் “ஏன் என் தலையைத் தின்கிறாய்?” என்று கேட்டுவிட்டேன். “நான் தின்னவே இல்லை” என்று அன்று முழுவதும் அழுதாள். அதிலிருந்து அவளிடம் நேராகத்தான் பேசுகிறேன். “பாட்டிக்குக் களைப்பு, கொஞ்ச நேரம் பேசாமல் இரு” என்றால் சரி என்று போய்விடுகிறாள். மற்றப் பேரப்பிள்ளைகளிடம் இது செல்லாது!

ரயில்பையன்_அம்மா
வியாழன், இரவு 9.05

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பேரங்காடியில் பணம் கட்டும் வரிசையில் ‘ஸ்தேசென் பெரிகுத்ஞா’ என்று தொடங்கினான். கூடையை அப்படியே வைத்துவிட்டு “போகலாம், அம்மா” என்று சொல்லி வெளியே அழைத்து வந்தேன். வாசல் படியில் உட்கார்ந்து கையை உதறினான். அழவில்லை. பிறகு நான் கேட்காமலே தானாக உள்ளே நடந்தான். வரிசையில் நின்றவர் ஒருவர் “இவ்வளவு செல்லம் கொடுத்தால்...” என்றார். காதில் வாங்கவில்லை.

வகுப்பாசிரியையிடம் பேசினேன். கண் விஷயத்தில் அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஓய்வு நேரத்தில் நூலக மூலையில் ரயில் நிலையம் வைக்க அனுமதித்தார்.

அடுத்த கவலை. தோட்டத்துக் கோயில் திருவிழா வருகிறது, உறுமி மேளம் இருக்கும். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போவதும் எங்கள் குடும்ப வழக்கம். மாமியார் பால்குடம் எடுக்கும்போது பேரன் கூட நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.

ஆலை_ஆய்வுக்கூடம்
வியாழன், இரவு 10.18

உறுமிச் சத்தம் எனக்கு நெஞ்சுக்குள் அடிக்கும். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் போகிறேன், சாமி கும்பிட எனக்குப் பிடிக்கும். கூட்டம் சேருமுன் விடியற்காலையில் போய்விடுவேன்.

முன்னாலேயே படம் காட்டுங்கள். போன ஆண்டுப் புகைப்படங்களை வரிசையாக ஒட்டி, ‘முதலில் கார், பிறகு செருப்பு கழற்றுவோம், மேளம் சத்தமாக இருக்கும், பிடிக்காவிட்டால் அப்பாவோடு காருக்குப் போகலாம், பாட்டி பிறகு வருவார்’ என்று அவன் பார்வையில் எழுதுங்கள். கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990-களின் தொடக்கத்தில் வடிவமைத்த சமூகக் கதை முறை இதுதான். ‘நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும்’ என்று கட்டளை எழுதிவிடாதீர்கள். என்ன நடக்கும் என்பதுதான் முக்கியம். காருக்குப் போகலாம் என்று எழுதினால் கார் சாவி அப்பா கையில் இருக்க வேண்டும்.

முழுத் தூரமும் நடக்க வேண்டாம். கடைசிப் பத்து நிமிடம் பாட்டியோடு நடந்தாலும் நடந்ததுதானே?

லோரி_அப்பா
வியாழன், இரவு 10.40

காதுக்கு ஒலித்தடுப்பான் போடுங்கள். தோட்டத்தில் இயந்திரத்தால் புல்வெட்டுபவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அதேதான். இரும்புக் கடையிலேயே கிடைக்கும்.

பேச்சுப்பயிற்சி_பேராக்
வியாழன், இரவு 11.02

அது பெரியவர்கள் அளவு. தளர்வாக உட்கார்ந்தால் சத்தம் புகுந்துவிடும். சிறுவர் அளவு வாங்குங்கள். வாங்கியதும் திருவிழாவுக்கு எடுத்துப்போகாமல், வீட்டில் அரைப்பான் ஓடும்போது போட்டுப் பழக்குங்கள். நாள் முழுவதும் மாட்டி வைக்கவும் வேண்டாம், சத்தம் வரும் நேரத்துக்கு மட்டும்.

லோரி_அப்பா
வெள்ளி, காலை 5.48

நாளை ஈப்போவில் சரக்கு இறக்குகிறேன், அங்கே தேடிப் பார்க்கிறேன். பையன் தலைச் சுற்றளவைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் தங்கச்சி.

ரயில்பையன்_அம்மா
வெள்ளி, காலை 6.20

அனுப்பிவிட்டேன் அண்ணா. எந்த நிறமானாலும் சரி, சிவப்பு மட்டும் வேண்டாம். சிவப்பைத் தொடவே மாட்டான்.